பிரெயில்: புடைப்பெழுத்து அன்று, தொடுபுள்ளி எழுத்து

உடற்குறையோடு அரிய செயல்களைச் செய்தோரின் வாழ்க்கை நூல்களை நூலகங்கள் ஓர் அடுக்கில் திரட்டி வைக்கும்போது பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை அமைத்த லூயி பிரெயிலும், பார்வையும் கேள்வியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லரும் தவறாமல் இடம்பெறுகிறார்கள். அத்தகைய நூல்களின் தமிழாக்கங்களிலும், அடுக்கின் மேல் ஒட்டப்படும் அறிமுகக் குறிப்புகளிலும் 'புடைப்பெழுத்தைக் கண்டுபிடித்தவர் பிரெயில்' என்ற தொடரைப் பலமுறை படித்துவிட்டேன். பாராட்டுவதற்காக எழுதப்படும் இத்தொடர், அவர் செய்த செயலையே மறைத்துவிடுகிறது.

பிரெயில் என்பது அவருடைய குடும்பப் பெயர். 1809இல் பாரிசுக்கு அருகிலுள்ள கூவ்ரே என்னும் ஊரில் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்த அவர், மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவி ஒன்று கண்ணில் குத்தியதால் ஏற்பட்ட புண் மறு கண்ணுக்கும் பரவிப் பார்வையை இழந்தார். பிரெஞ்சு ஒலிப்பில் பெயரின் ஈற்று லகரம் கேட்பதில்லை. ஆங்கிலத்தின் வழியே நமக்கு வந்ததால் 'பிரெயில்' ஆயிற்று. 'பிரெய்லி' என்பது எழுத்துக்கூட்டிப் படித்ததால் விளைந்தது. இவ்விரு மொழிகளிலும் அவ்வொலிப்பு இல்லை.

இனிப் புடைப்பெழுத்துக்கு வருவோம். புடைப்புச் சிற்பம் என்றால் தளத்திலிருந்து மேலெழுந்து நிற்கும் சிற்பம் என்று அறிவோம். அவ்வாறே, வழக்கமான எழுத்தின் வடிவம் மேலெழுந்து நின்றால் அது புடைப்பெழுத்து. நாணயத்தில் நாம் தடவிப் பார்ப்பது அதுவே. பிரெயில் சேர்ந்த, பார்வையற்றோருக்கான பாரிசுப் பள்ளியின் நிறுவனர் வாலன்தேன் ஆயி, தாளை அழுத்தி இலத்தீன் எழுத்துகளை இப்படித்தான் எழச் செய்தார். பார்வையுள்ளவர் கண்ணுக்காக அமைந்த அவ்வடிவங்களை விரல் ஒவ்வொன்றாகத் தடவி அறிய வேண்டியிருந்ததால் படிப்பு மிக மெதுவாக நடந்தது. நூல்கள் பெருத்துக் கனத்தன. மாணவர் அவற்றைப் படிக்கலாமே தவிர, தம் கையால் அவ்வாறு எழுத வழியில்லை. சார்ல் பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட முறையொன்றைப் பள்ளிக்குக் கொணர்ந்தார். அதன் ஒரு குறி விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, 63 குறிகளில் எழுத்தையும் எண்ணையும் இசையையும் அடக்கியவர் பிரெயில். 1824இல் இதை அமைத்தபோது அவருக்கு வயது பதினைந்து. நூலாக வெளியிட்டது 1829இல். அவர் 1852இல் இறந்து இரண்டாண்டு கழிந்த பிறகே அப்பள்ளி அதை முறைப்படி ஏற்றது. புடைப்பெழுத்தை விட்டு விலகியதே அவருடைய சாதனை என்றிருக்க, அதே பெயரை அவருடைய எழுத்துக்குச் சூட்டுவது எவ்வகையிலும் பொருந்தாது.

'புள்ளிகளும் புடைத்துத்தானே நிற்கின்றன?' என்று சிலர் வாதிடுகிறார்கள். நிற்கின்றன. ஆனால் அச்சொல்லை இங்கே செலவழித்துவிட்டால், ஆயியின் எழுத்தையும், 1845இல் இங்கிலாந்தின் வில்லியம் மூன் கோடுகளால் அமைத்த எழுத்தையும் எச்சொல்லால் குறிப்பது? கெல்லர் 1903இல் வெளியிட்ட தன்வரலாற்றில், சிறுமியாக இருந்தபோது அட்டைத்துண்டுகளில் படித்த புடைப்பெழுத்துச் சொற்களும் வருகின்றன. பிற்காலத்தில், தாம் பழகிய ஆங்கிலப் பிரெயில் குறிகளுக்கு மாறாக அமெரிக்கப் பிரெயில் குறிகளில் வந்த இயற்கணிதத் தேர்வுத்தாளோடு போராடியதும் வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை இட்டு நிரப்பும் மொழிபெயர்ப்பாளர், அந்தத் தேர்வுக்கூடத்தில் அவர் பட்ட இடர் இன்னதென்றே வாசகருக்குப் புரியாமல் செய்துவிடுகிறார். மன உறுதியைப் போற்றும் அடைமொழிகளுக்குப் பஞ்சமில்லாத இத்தமிழாக்கங்களில், அவ்வுறுதி எதன்மீது செலுத்தப்பட்டது என்ற செய்தி மட்டும் தேய்ந்து போகிறது. என்னைக் கேட்டால், பிரெயிலின் வாழ்க்கை வரலாறு தன்னம்பிக்கை நூல்களுக்கு நடுவே இருப்பதைவிட எழுத்தியல் நூல்களோடு இருப்பதே தகும்.

பிரெயிலின் எழுத்துக்கு வழங்கும் 'குருட்டெழுத்து' என்ற பெயரை விரிவாக மறுக்கத் தேவையில்லை. எழுத்துக்குக் கண்ணில்லை, வாசகரை இழிக்கவும் வேண்டாம். 'புள்ளியெழுத்து' இதனினும் மேலானது. ஆயினும் தமிழில் அது வேறொன்றுக்கு உரியது. 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்கிறது தொல்காப்பியம். புள்ளி மயங்கியல் என ஓர் இயலே அதில் உண்டு. இந்திய மொழிகளுக்கென அமைந்து தமிழுக்கும் பயன்படும் பாரதி பிரெயிலில் 'க்' என்று எழுத, மெய்ப்புள்ளிக்கான தனிக்குறியைக் ககரத்துக்கு முன்னால் இடுகிறோம். அங்கே புள்ளியெழுத்து என்றால் எந்தப் புள்ளி என்ற மயக்கம் மாணவருக்கு நேரும்.

ஆகவே 'தொடுபுள்ளி எழுத்து' என்பதே என் தேர்வு. வினைத்தொகையாதலால் தொட்ட, தொடுகின்ற, தொடும் புள்ளி என மூன்று காலத்துக்கும் நிற்கும். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளில் தொடுதல் தோண்டுதலாகிறதே என்பர். எழுதுபவர் தாளின் பின்புறத்தில் ஊசியால் வலமிருந்து இடமாகக் குழித்துக்கொண்டுதான் போகிறார். படிப்பவர் தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவுகிறார். பழம்பொருளும் இங்கே பகையாகவில்லை. ஆளின் பெயரை அழிக்கவும் வேண்டியதில்லை: நூற்பட்டியலில் 'பிரெயில் தொடுபுள்ளி எழுத்து' என்று ஒரு தலைப்பும், ஆயிக்கும் மூனுக்கும் 'புடைப்பெழுத்து' என்று இன்னொரு தலைப்பும் இருந்தால் தேடுபவர் இரண்டையும் பிரித்தறிந்து எடுத்துக்கொள்வார்.