ஏஸ் ஜோடி வந்த இரவு

என்னிடம் சூதாட்டப் பிரச்சினைக்கு ஆலோசனை தேடி வருகிறவர்களில் பலர், எவ்வளவு தோற்றோம் என்பதற்கு முன்னாலேயே எந்தச் சீட்டில் தோற்றோம் என்று சொல்லிவிடுவார்கள். அது பெரும்பாலும் நல்ல சீட்டாகத்தான் இருக்கும்.

சிங்கப்பூரின் ஈசூன் பகுதியிலிருந்து ஒரு தம்பி வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மேசையில் கிடந்த துண்டுத்தாள்களில் எழுதி, அன்றைய போக்கர் ஆட்டத்தை என் முன்னால் பரப்பினார். கையில் இரண்டு ஏஸ். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் சீட்டுகளில் முதலில் கிங், எட்டு, மூன்று, பிறகு ஐந்து, கடைசியில் பத்து. ஒவ்வொரு சுற்றிலும் இவர் பணம் கட்ட, எதிராளி பேசாமல் கூடவே வந்திருக்கிறார். கடைசிச் சீட்டு விழுந்ததும் இவர் 200 வெள்ளி கட்டினார். எதிராளி அதை 900 ஆக்கினார். இவரும் கொடுத்தார். எதிராளியிடம் இருந்தது எட்டு ஜோடி. நடுவில் கிடந்ததோடு சேர்த்து மூன்று எட்டு; அது ஏஸ் ஜோடியை வென்றுவிடும்.

"ஏஸ் ஜோடிய வெச்சுக்கிட்டு எப்படிக்கா விடறது?"

நல்ல சீட்டுக்குப் பணம் வருவதே நம்மைவிட மட்டமான சீட்டு வைத்திருப்பவர் நம்பிக் கட்டுவதால்தான். கையில் கிங் ஒன்று வைத்து, நடுவில் கிடந்த கிங்கோடு ஜோடி சேர்த்தவர் 200 வரை கட்டுவார், அதனால் அதுவரை தம்பி ஆடியது சரி. "அதே ஆள் 900க்கு ஏற்றுவாரா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாள்களையே பார்த்தார்.

"மாட்டார்க்கா. எனக்கும் அப்பவே தெரிஞ்சுது. ஆனா அந்த ஆட்டத்துக்கு முன்னாடியே 1,400 போயிடுச்சு."

அவரைத் தோற்கடித்தது அந்த 1,400 என்றுதான் நினைக்கிறேன். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும். நடுச்சீட்டு விழுமுன் கிங் ஜோடியோடு மோதினாலும் நூற்றுக்கு ஏறக்குறைய 18 தடவை அது தோற்கும். இந்தக் கணக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. விட்டதைப் பிடிக்க உட்கார்ந்தவருக்கோ நல்ல சீட்டு தனக்கு வரவேண்டிய பாக்கி மாதிரி தெரிகிறது. பாக்கியை யார் விடுவார்?

"ஒரு நல்ல கை வந்தா எல்லாம் சரியாயிடும்" என்ற பேச்சு வீட்டில் கேட்டால், தயவுசெய்து அதை ஆசைப் பேச்சென்று விட்டுவிடாதீர்கள். சம்பளத் தேதிக்கு முன்பே கடன், போனைக் கவிழ்த்து வைப்பது எல்லாம் பெரும்பாலும் அப்புறம்தான் வரும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் ஆடுவதை சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆட்டம் நடத்தும் வீட்டுக்காரர் ஆட்டப் பணத்திலிருந்து தனக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் அந்த அனுமதி பொருந்தாது; இணையத்தில் நண்பர்களோடு பணம் வைத்து ஆடினாலும் பொருந்தாது.

சூதாட்டக்கூடத்துக்குள் தன்னை விடக்கூடாது என்று ஒருவர் தானே விண்ணப்பிக்கலாம், சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) இருந்தால் போதும். தம்பி என் அறையில் உட்கார்ந்தே அதைச் செய்தார். குடும்பத்தாரும் தடை உத்தரவு கேட்கலாம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவி எண் 1800-6-668-668. மனைவியோ அம்மாவோ அழைத்தாலும் பேசுவார்கள். ஆடுகிறவரே அழைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.