எரிஞ்சதால தப்பிச்ச லைப்ரரி

கிமு 612ல, இன்னைக்கு ஈராக் இருக்கிற இடத்துல, அசீரியப் பேரரசோட தலைநகரமான நினிவேயை எதிரிங்க கொளுத்தினாங்க, அசூர்பானிபால் ராஜா சேர்த்து வச்ச பெரிய லைப்ரரியும் தீயில மாட்டிக்கிச்சு. மெழுகு பூசின பலகையில எழுதினது எல்லாம் போச்சு. ஆனா பெரும்பாலும் இருந்தது களிமண் பலகை, ஈரமா இருக்கும்போதே நாணல் குச்சியால அழுத்தி எழுதி காய வச்சது. சும்மா காஞ்ச களிமண்ணு தண்ணி பட்டா திரும்ப சேறாயிடும், அதுவே 600 டிகிரிக்கு மேல சூடு ஏறுச்சுன்னா மண்ணோட கட்டமைப்புக்குள்ள பிணைஞ்சு கிடக்கிற தண்ணியும் வெளியேறி செங்கல் மாதிரி ஆயிடும், அப்புறம் எத்தனை மழை பெஞ்சாலும் கரையாது. ஊரை அழிக்க வச்ச தீ நிறைய பலகையை சூளையில போட்ட மாதிரி சுட்டுக் குடுத்துட்டு போயிடுச்சு! இன்னைக்கு பிரிட்டிஷ் மியூசியத்துல துண்டும் முழுசுமா 30,000 கிட்ட இருக்கு.

பேப்பர் கதை நேர் தலைகீழ். கந்தல் துணியில செஞ்ச 500 வருஷ பேப்பர் இன்னும் நல்லா மடங்குது, ஆனா 19ம் நூற்றாண்டுல மரக்கூழுக்கு மாறி, மை ஊறாம இருக்க படிகாரமும் ரோசின்ங்கிற மரப்பிசினும் சேர்த்தாங்க பாருங்க, அங்க தான் வினை. அந்த படிகாரம் ஈரத்தோட சேர்ந்து ஆசிட் ஆகி பேப்பரோட நாரா இருக்கிற செல்லுலோஸ் சங்கிலியை கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கிட்டே இருக்கும், அதான் நூறு வருஷ புக்கு தொட்டா சருகா நொறுங்குது.

பென் டிரைவ் இன்னும் மோசம், அதுல எழுத்துன்னா குட்டி குட்டி சிறைக்குள்ள அடைச்ச எலக்ட்ரான் தான், வருஷக்கணக்குல சும்மா போட்டு வச்சா மெதுவா கசிஞ்சிடும்.

சரி, பொருள் தப்பிச்சா போதுமான்னா அதுவும் இல்ல. அந்த களிமண் எழுத்தை கிபி முதல் நூற்றாண்டுக்கு அப்புறம் சீக்கிரமே படிக்க ஆளே இல்லாம போச்சு. ஈரான்ல இருக்கிற பெஹிஸ்துன் மலையில ஒரே சேதியை மூணு மொழியில செதுக்கி வச்சிருந்தது தான் சாவி, 1857ல நாலு அறிஞர்கள்கிட்ட ஒரே களிமண் எழுத்தை தனித்தனியா குடுத்து மொழிபெயர்க்க சொன்னாங்க, ஒத்துப்போச்சு, அப்புறம் தான் எல்லாரும் நம்பினாங்க. இதே கூத்து நம்ம காலத்துலயும் நடந்துச்சு: 1086ல இங்கிலாந்துல தோல்ல எழுதின டூம்ஸ்டே நில கணக்கை இப்பவும் படிக்கலாம், அதோட 900வது வருஷத்துக்கு பிபிசி 1986ல லேசர் டிஸ்க்ல போட்ட புது பதிப்பை பதினஞ்சு வருஷத்துலயே படிக்க மெஷின் தேடி அலைஞ்சாங்க.

அதனால தான் இன்னைக்கு ஆவணக்காப்பகங்கள்ல ஒரே டேட்டாவை பல இடத்துல வச்சு, பழைய டேப் சாகறதுக்குள்ள புது டேப்புக்கு மாத்தி, ஒவ்வொரு ஃபைலுக்கும் கணக்கு போட்டு எடுத்த ஒரு நம்பரை திரும்பத் திரும்ப சரி பார்க்கிறாங்க, ஒரு பிட் மாறினாலும் நம்பர் ஒத்துப்போகாது, உடனே இன்னொரு காப்பியில இருந்து சரி பண்ணிடுவாங்க.