பார்க்கின்சன் நோயும் நினைவுத் தளர்ச்சியும்: ஒரு குழாய் இரத்தம் எவ்வளவு சொல்லும்?

புரசைவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தந்தைக்கு எட்டு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்துக்கும் நடைத் தளர்ச்சிக்கும் மாத்திரை கைகொடுக்கிறது. ஆனால் வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற அவர், அண்மைக்காலமாக மளிகைக்கடைச் சீட்டைக் கூட்டிப் பார்க்கவே திணறுகிறாராம். இந்த நேரத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தின் துண்டறிக்கை வீட்டுக்கு வந்திருக்கிறது. இரத்தம் கொடுத்தால், அப்பாவுக்கு மறதிநோய் வருமா வராதா என்று தெரிந்துவிடுமா என்பது வாசகியின் கேள்வி.

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதும், லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வதும் பலரும் அறிந்தவை. நோயுற்ற செல்களுக்குள் ஆல்பா-சைனியூக்ளின் என்னும் புரதம் திரண்டு கட்டிப்போகிறது. அந்தத் திரட்சி பெருமூளைப் புறணி வரை பரவும்போது சிந்தனையும் தடுமாறத் தொடங்குகிறது. இது எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. கேம்பிரிட்ஜ் பகுதி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், 10 ஆண்டுகளுக்குள் 46 சதவீதத்தினருக்கு மறதிநோய் வந்திருந்தது. 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வோ, தான் கவனித்த ஒரு குழுவில் அதே காலத்துக்கு 27 சதவீதம் என்றே மதிப்பிட்டது.

யாருக்கு முன்னதாக வரும் என்பதில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அல்சைமர் நோயோடு சேர்த்துப் பேசப்படும் ஏபிஓஇ மரபணுவின் 4ஆம் வடிவம் இங்கும் ஆபத்தைக் கூட்டுகிறது. நரம்புச் செல்லின் உள்ளமைப்பைத் தாங்கும் டௌ என்னும் புரதத்துக்கான மரபணுவும் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அதன் பங்கு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஜிபிஏ1 மரபணுவிடம் மட்டும் சற்று நின்று பேச வேண்டும். செல்லுக்குள் நடக்கும் கோளாறுகளில் இவ்வளவு நுட்பமாகப் பின்னப்பட்ட ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை.

இந்த மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால், மண்ணீரல் வீங்கும் காஷே என்ற அரிய நோய் வருகிறது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. காஷே நோயாளிகளின் குடும்பங்களில் பார்க்கின்சன் அடிக்கடி தென்படுவதைக் கவனித்தவர்களில் ஒருவர் அமெரிக்க மருத்துவர் எலன் சிட்ரான்ஸ்கி. பல நாட்டு மையங்களைச் சேர்த்து அவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பார்க்கின்சன் நோயாளிகளிடம் இந்தப் பழுது இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 5 மடங்குக்கும் மேல் என்று காட்டியது. பழுதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதே இல்லை. வந்தவர்களுக்கோ சிந்தனைத் திறன் சராசரியைவிட விரைவாகச் சரிகிறது.

காரணம், செல்லின் கழிவுகளைச் செரிக்கும் பையான லைசோசோமில் இருக்கிறது. ஜிபிஏ1 ஆணையிட்டு உருவாகும் நொதி, செல்லின் புரதத் தொழிற்கூடமான எண்டோபிளாச வலையில் பிறந்து, சரியாக மடிந்து, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பின் வழியே அமிலம் நிறைந்த லைசோசோமுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே குளுக்கோசில்செராமைடு என்னும் கொழுப்புப் பொருளை உடைக்க வேண்டும். பழுதான நொதி சரியாக மடிவதில்லை. செல்லின் சோதனைச்சாவடி அதைப் பிறந்த இடத்திலேயே அழித்துவிடுகிறது. லைசோசோமில் கொழுப்பு தேங்குகிறது. தேங்கிய கொழுப்பு, சைனியூக்ளின் சிறுசிறு திரள்களாகச் சேர்வதற்கு வசதி செய்து தருகிறது. இனிதான் விந்தை. அந்தத் திரள்கள் வலைக்கும் கோல்கைக்கும் இடையிலான போக்குவரத்தையே தடுக்கின்றன. ஆகவே பழுதில்லாத பிரதியிலிருந்து உருவான நல்ல நொதியும் போய்ச்சேர முடியாமல் வழியில் சிக்குகிறது, கொழுப்பு மேலும் தேங்குகிறது, சைனியூக்ளின் மேலும் திரள்கிறது. 2011இல் இந்தச் சுழல் விளக்கப்பட்டது. மரபணுப் பழுதே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையிலும் இந்த நொதி குறைந்திருப்பது ஏன் என்பதும் இதனால் புரிகிறது.

கோணலாக மடிந்த நொதியை நிமிர்த்தி அனுப்பக்கூடிய மருந்தாக ஆராயப்படுவது அம்ப்ராக்சால், அதாவது நம் வீட்டு அலமாரியிலுள்ள இருமல் டானிக்குகள் பலவற்றில் இருக்கும் அதே பொருள். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் இதை நாளொன்றுக்கு 1,260 மில்லிகிராம் வரை மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்தார்கள். டானிக் பாட்டிலைக் காலிசெய்து முயன்று பார்ப்பது வீண் ஆபத்து.

மரபணு நெடுங்கால வாய்ப்பைச் சொல்கிறதென்றால், இப்போது எவ்வளவு சேதம் நடக்கிறது என்பதை இரத்தத்திலுள்ள புரதங்கள் சொல்கின்றன. வாழைத்தண்டை ஒடித்தால் நார் வெளியே வருவதுபோல, நரம்பிழை சிதையும்போது அதன் உள்சட்டமான நியூரோஃபிலமெண்ட் இழைத்துண்டுகள் வெளியேறி இரத்தத்தில் கலக்கின்றன. ஒரு மில்லிலிட்டரில் சில பத்து பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவே இருக்கும் இவற்றை, காந்த மணிகளில் ஒட்டவைத்து, ஒரு மணி மட்டுமே கொள்ளும் நுண்குழிகளில் இறக்கி, ஒளிரும் குழிகளை எண்ணிவிடுகிறார்கள். அளவு கூடியவர்களிடம் நினைவுத் தளர்ச்சி விரைவாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் வயது ஏறினாலும், சிறுநீரகம் தளர்ந்தாலும், தலையில் அடிபட்டாலும் இது கூடும். பாஸ்பேட் ஏறிய டௌ புரதம் கூடியிருந்தால், அல்சைமர் வகை மாற்றமும் உடன் நடக்கிறது என்று ஐயுறலாம். சைனியூக்ளினையே அளக்கலாமே என்றால், இரத்தத்தில் அது 99 சதவீதத்துக்கும் மேல் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது சில அணுக்கள் உடைந்தாலே கணக்கு குலைந்துவிடும்.

இந்த எண்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து திரட்டப்பட்டவை. நைஜீரியர்களை முன்னிறுத்தி ஆராய்ந்தபோதுதான், ஐரோப்பியர்களிடம் மிக அரிதான ஒரு புதிய ஜிபிஏ1 மாற்றம் 2023இல் வெளிப்பட்டது. தமிழர்களின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய, நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து மாதிரிகளை உறைநிலையில் காக்க வேண்டும். 3 ஆண்டுத் திட்டங்களுக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு, 15 ஆண்டுகள் நகரும் ஒரு நோயை ஆராயச் சொல்வது என்னைப் பொறுத்தவரை பொறுப்பற்ற சிக்கனம்.

வாசகிக்கு என் பதில்: தெரிந்துவிடாது, வாய்ப்பு கூடுதலா குறைவா என்பதே தெரியும். அதற்குமுன் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வில், ஒன்றரை நிமிடத்தில் 20 விலங்குகளின் பெயர்களைக்கூட அடுக்க முடியாமையும், ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய முடியாமையும் மறதிநோய்க்கு முன்னறிவிப்பாக அமைந்தன. இறந்துபோன பாட்டி கூடத்தில் உட்கார்ந்திருப்பதாக அப்பா சொன்னால், மந்திரிக்க அழைத்துப் போகாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காட்சிப் பிரமை இந்நோயின் அறிகுறியாகவோ மருந்தின் விளைவாகவோ இருக்கலாம். பி12, தைராய்டு அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கத்துக்காக டிரைஹெக்ஸிபெனிடில் மாத்திரை தொடர்கிறதா என்றும் கேளுங்கள், முதியவர்களின் நினைவை அது குழப்பும்.

அதன் பிறகும் ஜிபிஏ1 பரிசோதனை வேண்டும் என்றால், பணம் கட்டுவதற்குமுன் அந்த ஆய்வகத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மரபணுவுக்கு ஏறத்தாழ 16,000 டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, அதை 96 சதவீதம் ஒத்த, ஆனால் வேலை செய்யாத ஒரு போலி மரபணு இருக்கிறது. சாதாரண வாசிப்புமுறை இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடும். இரண்டையும் எப்படிப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் கிடைத்தால் மாதிரி கொடுக்கலாம்.