பழைய பிக்கப்புக்கு கார் டயர் மாட்டாதீங்க, தயவுசெஞ்சு

போன வாரம் இன்னொரு வண்டி. பழைய பொலிரோ பிக்கப், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல தக்காளி ஏத்திட்டு தாராபுரம் ரோட்ல போறப்ப பின்னாடி இடது டயர் வெடிச்சு ரோட்டோரப் பள்ளத்துல சாஞ்சிருச்சு, டிரைவர் தம்பிக்கு கை எலும்பு முறிஞ்சதோட போச்சு. டயரை எங்க கடைக்கு எடுத்துட்டு வந்த ஓனர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பட்டன் முக்கால்வாசி இருக்கே தம்பி, எப்படி வெடிக்கும்?" பட்டன்னா டயர்ல ரோட்ல பட்டுத் தேயற மேல் ரப்பர். இந்தக் கேள்விக்கு பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் எழுதிடலாம்னு.

பட்டன் இருந்துச்சு, வாஸ்தவம்தான். ஆனா அது கார் டயர். யாரோ எஸ்யூவிக்கு புதுசு போட்டுட்டு கழட்டிப் போட்டதை பழைய டயர் விக்கிற இடத்துல பாதி விலைக்கு வாங்கி மாட்டியிருக்காங்க. சைஸ் 215/75 ஆர்15, டிஸ்க்ல (டயர் மாட்டற இரும்புச் சக்கரம்) கச்சிதமா உக்காந்துக்கும், பாக்கவும் பளபளன்னு இருக்கும். உள்ள கையை விட்டுப் பாத்தேன், கறுப்பு ரப்பர் தூள் கை நிறைய வருது. சைடுவால், அதாவது டயரோட பக்கச் சுவர், உள்பக்கம் முழுக்க சுத்தி மடிஞ்ச தடம், அந்தத் தடத்துல நூல் பிரிஞ்சு நிக்குது. ஆணி குத்தி வெடிச்ச டயர் இப்படி இருக்காது. மாசக்கணக்கா லோடு தாங்காம மடிஞ்சு மடிஞ்சு சூடேறி செத்த டயர்தான் இப்படி இருக்கும்.

சைஸ் சரியா இருந்தா போதும்னு நினைக்காதீங்க. சைஸுக்குப் பக்கத்துலயே 100எஸ் மாதிரி ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அதுதான் லோடு இண்டெக்ஸ். 100னா அந்த ஒரு டயர் தாங்கறது 800 கிலோ. பின்னாடி ரெண்டு டயருக்கும் சேத்து 1600. நீங்க ஏத்தறது 1300 கிலோன்னு வெச்சாலே அதுல பெரும்பங்கு பின் ஆக்சில் மேலதான் விழும், அதோட வண்டியோட சொந்த எடைல பின்னாடி வர்ற பங்கு ஒரு 600, 700 கிலோ சேருது. 1600 எங்க நிக்கும்? அதுவும் நம்ம ஊர்ல யாரும் கிலோல பேசறதே இல்ல, பெட்டிக் கணக்குதான். தக்காளி பெட்டி ஒண்ணு 14, 15 கிலோ, 100 பெட்டி ஏத்தினா ஒன்றரை டன் ஆச்சு, காலிப் பெட்டி எடை தனி.

லோடு வண்டிக்குன்னே செஞ்ச டயர்ல சைஸோட LTன்னோ Cன்னோ இங்கிலீஷ் எழுத்து போட்டிருக்கும், லோடு இண்டெக்ஸும் 113/111 மாதிரி ரெண்டு நம்பரா இருக்கும். முதல் நம்பர் ஒத்தை டயரா ஓடுற வண்டிக்கு, 113னா 1150 கிலோ. ரெண்டாவது, பின்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு டயர் ஓடுற ஜோடி டயர் வண்டிக்கு, உங்க பிக்கப்புக்கு அது வேண்டாம். கம்பெனி கொடுத்த புக்ல என்ன நம்பர் போட்டிருக்கோ அதுக்குக் கீழ இறங்கவே கூடாது. புக் தொலைஞ்சு போச்சுன்னா சர்வீஸ் சென்டர்ல உங்க மாடலைச் சொல்லிக் கேளுங்க, சொல்லிடுவாங்க.

இப்ப எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம். "கார் டயரா இருந்தா என்ன, காத்து 60 பவுண்டு (psi) வெச்சுட்டா லோடு தாங்கும்ல?" தாங்காதுங்க! லோடை தூக்கி நிறுத்தறது காத்துதான், அது உண்மை, அதனாலதான் இந்த நம்பிக்கை யாரு சொன்னாலும் போக மாட்டேங்குது. ஆனா அந்தக் காத்தை அடக்கி வெக்கறது உள்ள இருக்கற நூலும் ஓரத்துல இருக்கற பீடு கம்பியும்தானே, அது கார் எடைக்குன்னு கணக்குப் பண்ணி செஞ்சது. அந்த 800 கிலோ 35, 36 பவுண்டுலயே கிடைச்சுடும், அதுக்கு மேல எவ்வளவு அடிச்சாலும் ஒரு கிலோ கூட கூடாது. சைடுவால்ல அதிகபட்ச காத்து எவ்வளவுன்னு அச்சடிச்சே இருக்கு, கார் டயர்ல பெரும்பாலும் 44 இல்லன்னா 51. காலைல குளிர்ந்த டயர்ல 60 வெச்சீங்கன்னா மத்தியானம் தார் ரோட்ல லோடோட ஓடறப்ப அது இன்னும் மேல ஏறும். அப்ப லோடும் ஜாஸ்தி, காத்தும் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி, தாங்க வேண்டிய டயர் மட்டும் அதே கார் டயர்.

இந்த நம்பிக்கைக்குத் தம்பி ஒண்ணு இருக்கு, "பட்டை ரெண்டு சேத்துட்டேன், வண்டி இறங்கவே மாட்டேங்குது". பட்டைன்னா பின் ஆக்சில் மேல அடுக்கியிருக்கற ஸ்பிரிங் தகடு. பட்டை சேத்தா பாடி இறங்காது, அவ்வளவுதான். எடை எங்கயும் போயிடல, அத்தனையும் டயர் மேலதான் நிக்குது. வண்டி இறங்கறது கண்ணுக்குத் தெரிஞ்சாலாவது பயந்து ரெண்டு பெட்டி குறைப்பீங்க.

டயர் தேதியும் பாருங்க. சைடுவால்ல டிஓடி (DOT)ன்னு ஆரம்பிக்கற வரிசைல கடைசி நாலு நம்பர், 2319னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. அஞ்சு வருஷம் தாண்டிட்டா வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழட்டி உள்ளயும் வெளியயும் பாக்கணும், பத்து வருஷம் ஆச்சுன்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க. அந்தத் தேதி நம்பரே தெரியாம உரசி எடுத்திருந்தாலோ, புதுசா கறுப்பு பெயிண்ட் அடிச்சிருந்தாலோ, பட்டனுக்கு நடுவுல இருக்கற பள்ளத்தை ஆழமாக்கக் கத்தி வெச்ச தடம் இருந்தாலோ விலையே பேசாதீங்க, திரும்பி வந்துடுங்க.

ஒரே ஆக்சில்ல ஒரு பக்கம் ரேடியல் டயர், ஒரு பக்கம் பழைய மாதிரி நைலான் டயர்னு போடாதீங்க. ரீட்ரெட் டயர் (தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டினது) பின்னாடி போடறதா இருந்தா அடில இருக்கற பழைய டயர் கூடு நல்லா இருக்கான்னு பாத்துப் போடுங்க, முன்னாடி வேண்டவே வேண்டாம். டிஸ்க் துருப்பிடிச்சு காத்து இறங்குதுன்னு ட்யூப்லெஸ் டயருக்குள்ள ட்யூப் திணிக்காதீங்க, சூடுதான் ஏறும், டிஸ்க்கை மாத்துங்க. பத்து வருஷம் ஓடின வண்டின்னா சக்கரத்தை நேரா பிடிச்சிருக்கற புஷ், பால் ஜாயிண்ட் தேய்மானம் பாக்காம புது டயர் போடறது வீண் செலவு, கொஞ்ச நாள்லயே ஒரு பக்கமா தின்னுடும். அடில தொங்கற ஸ்டெப்னியையும் இறக்கிப் பாருங்க, அனேகமா வண்டியோட வந்த பழைய டயரே அங்க இருக்கும், அதோட தேதியையும் பாருங்க.

ஓனருங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். டயர் வாங்கறது நீங்க, அது மேல ராத்திரி முழுக்க உக்காந்து போறது டிரைவர். அவன் "அண்ணே, பின்னாடி ஒரு மாதிரி ஆடுது"ன்னு சொன்னா அடுத்த லோடுக்கு முன்னாடி கழட்டிப் பாத்துடுங்க.

எஸ்யூவி, கார் வெச்சிருக்கவங்களும் கேளுங்க. டயர் மாத்தறப்ப பழசை நாலஞ்சு நூறு ரூபாய்க்கு கடைலயே விட்டுட்டு வராதீங்க, சைடுவால்ல ரெண்டு இடத்துல கத்தியால ஆழமா கிழிச்சுட்டு கொடுங்க. அப்புறம் அதை எந்த லோடு வண்டிக்கும் மாட்ட முடியாது.