குழந்தையின் இரத்தத்தில் பாடபேதங்கள்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடபேதங்களோடு போராடியவர்கள். ஒரே நூலைப் பலர் பெயர்த்தெழுதும்போது ஒருவர் ஓர் எழுத்தை விடுவார், மற்றொருவர் லகரத்தை ளகரமாக்குவார். சுவடிகளில் நூற்றாண்டுகளாக நடந்த இந்தத் திரிபு, எச்.ஐ.வி. கிருமி புகுந்த உடலில் நாள்கணக்கில் நடந்துவிடுகிறது.

இக்கிருமியின் மரபுச்செய்தி ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. அதை டி.என்.ஏ.வாகப் பெயர்த்தெழுதும் நொதிக்கு, எழுதியதைச் சரிபார்த்துத் திருத்தும் திறன் இல்லை. சிகிச்சை பெறாதவரின் உடலில் தினமும் நூற்றுக்கணக்கான கோடிக் கிருமிகள் பிறப்பதால் பிழைகள் குவிகின்றன. பெரும்பாலானவை கிருமிக்கே கேடாக முடியும். ஒருசில, நோய் எதிர்ப்பாற்றலுக்கும் மருந்துக்கும் தப்பும் வழியாகிவிடும். மேலும், ஒவ்வொரு கிருமியிலும் இரண்டு இழைகள் உள்ளன. வெவ்வேறு வகைக் கிருமிகள் ஒரே செல்லில் புகுந்தால், அங்கே பிறக்கும் கிருமி வகைக்கொரு இழையைச் சுமக்கக்கூடும். அடுத்த செல்லில் நொதி ஒரு சுவடியில் பாதியும் மற்றதில் மீதியும் பார்த்து எழுதிக் கலப்பு வகையை உண்டாக்கும். 2006இல் கோலாலம்பூரில் அடையாளம் காணப்பட்ட சி.ஆர்.எஃப்.33_01பி என்னும் எச்.ஐ.வி. வகை அப்படிப் பிறந்ததே: தென்கிழக்காசியாவில் பரவிய 01_ஏ.இ. வகையும் பி வகையும் அதில் கலந்துள்ளன.

தாயின் உடலில் எத்தனையோ திரிபுகள் இருந்தாலும், கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தையிடம் வேரூன்றுவது பெரும்பாலும் ஒன்று அல்லது ஒருசில மட்டுமே. ஆகவே தொடக்கத்தில் குழந்தையின் கிருமிகள் பெரிதும் ஒரே மாதிரியாக இருக்கும். ஆனால் அந்தச் சில கிருமிகள் எதிரியை ஏற்கெனவே படித்தறிந்தவை. நோயுற்ற செல்லைக் காட்டிக்கொடுக்கும் மரபணுக்களில் பாதியைக் குழந்தை தாயிடமிருந்தே பெறுகிறது. தாயின் உடலில் அவற்றுக்குத் தப்பப் பழகிய கிருமிக்கு, குழந்தையின் உடல் பாதி பழகிய வீடு. பிஞ்சு எதிர்ப்பாற்றலால் கிருமியின் அளவை விரைவில் அடக்க முடிவதில்லை. மாதக்கணக்கில் அது உயர்ந்தே நிற்க, திரிபுகளும் பெருகுகின்றன. சில குழந்தைகளுக்கு மருந்தை மீறும் திரிபே தாயிடமிருந்து வந்துவிடுவதும் உண்டு. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கிருமியின் மரபணுவையே வாசித்துப் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பது இங்கேதான் புரிகிறது.

எதுவும் செய்யாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. மலேசியாவில் 1998 முதல், அரசாங்கக் கிளினிக்கில் கர்ப்பகாலப் பதிவேடான இளஞ்சிவப்புப் புத்தகத்தோடு பதிவுக்கு அமரும் கர்ப்பிணியிடம் எடுக்கும் இரத்தத்தில் எச்.ஐ.வி.யும் பரிசோதிக்கப்படுகிறது. தொற்று தெரிந்தால், மருந்து தாயின் கிருமிகளை அடக்கிவிடும். பெயர்த்தெழுதுவது நின்றால் புதுத் திரிபுக்கும் இடமில்லை. இந்த உழைப்பின் பலனாக, தாய்-சேய்த் தொற்றை ஒழித்த நாடென மலேசியாவை உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அங்கீகரித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதுவே முதல் நாடு.

கிருமியை எதிர்க்கத் தாயின் உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் 18 மாதம் வரை குழந்தையின் இரத்தத்தில் தங்கக்கூடும் என்பதால், அவற்றைத் தேடும் வழக்கமான சோதனை தாயின் தொற்றையே காட்டும். எனவே பச்சிளம் குழந்தைகளிடம் கிருமியின் மரபணுவையே நேரடியாகத் தேடுகிறார்கள். தொற்று உறுதியானால், வளரும்வரை காத்திராமல் உடனே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். அப்போதுதான் செல்களுக்குள் ஒளிந்து தங்கும் கிருமிகளும், அவற்றின் பாடபேதங்களும் குறைவாக இருக்கும்.