பெர்ஃப்யூமைக் கழுத்தில் அடிப்பதற்கு முன் கையில் அடித்துப் பாருங்கள்

கும்பகோணத்தில் தோல் மருத்துவம் பார்க்கிற எனக்கு, வாசனைத் திரவியம் என்றால் முன்பெல்லாம் ஜவ்வாது, நாகூர் அத்தர், துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த ஸ்ப்ரே, இவ்வளவுதான் விசாரிக்க வேண்டியிருக்கும். இப்போது காலேஜ் பையன்கள் "இது நிஷ் பெர்ஃப்யூம் டாக்டரம்மா" என்று 5 மில்லி, 10 மில்லி டீகான்ட் பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைக்கிறார்கள். சின்ன நிறுவனங்கள் கொஞ்சமாகத் தயாரிக்கும் விலை கூடிய சரக்கு. முழு பாட்டில் கட்டுப்படியாகாது, அதனால் பிரித்து விற்பதை வாங்குகிறார்கள். ஆசையில் தப்பில்லை, வெட்டிவேர் வாசனை என்றால் எனக்கும் ஒரு கிறுக்கு உண்டு. ஆனால் எல்லாரும் எத்தனை மணி நேரம் மணக்கிறது என்று பார்க்கிறார்களே தவிர, தோல் தாங்குகிறதா என்று பார்ப்பதில்லை.

கடையில் தெளித்துத் தரும் காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவு செய்வது வீண். காகிதத்துக்குச் சூடு இல்லை, எண்ணெய்ப் பசை இல்லை, வியர்வை இல்லை. தோலில் அடித்ததும் எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசனைகள் சீக்கிரம் ஆவியாகிவிடும், மரவாசனையும் கஸ்தூரி வகையும் மணிக்கணக்கில் தங்கும். சித்திரை வெயிலில் இந்த ஓட்டம் இன்னும் வேகம். "என் தோலோட பிஎச் அப்படி, அதான் எனக்கு வேற மாதிரி மணக்குது" என்பார்கள். தோலின் அமில அளவைச் சொல்லும் இந்த பிஎச் கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தோல் வறண்டிருக்கிறதா, காலையில் என்ன சோப்பு, தலையில் என்ன எண்ணெய் என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும். மூக்கும் ஏமாற்றும். 2006-ல் வந்த மாலிக்யூல் 01 என்ற பெர்ஃப்யூமில் வாசனைக்கு இருப்பது ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே ரசாயனம்தான். அடித்தவருக்கே சற்று நேரத்தில் மணப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் கேட்பார். மூக்கு பழகிப்போனதைப் போதவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அடிப்பவர்கள்தான் கடைசியில் என்னிடம் வருகிறார்கள்.

அடித்த உடனே எரிந்தால் அது பெரும்பாலும் சவரம் செய்த தோலில் ஆல்கஹால் பட்ட எரிச்சல், அடங்கிவிடும். ஒவ்வாமை வேறு வகை. அது அடித்த ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும், அதுவும் பல மாதம் சும்மா இருந்துவிட்டு. "இத்தனை நாளா இதைத்தானே அடிக்கிறேன்" என்ற கேள்வி எனக்கு மனப்பாடம். உடம்பு ஒரு பொருளை எதிரியாக அடையாளம் காண அவ்வளவு காலம் எடுக்கிறது, கண்டுவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. அப்புறம் அதே பொருள் சோப்பில், கூந்தல் எண்ணெயில், ஜவ்வாதில் இருந்தாலும் கிளம்பும்.

"இது முழுக்க நேச்சுரல்" என்பது என்னிடம் செல்லுபடியாகாது. பழைய பாணி பெர்ஃப்யூம்கள் பலவற்றின் உயிரே ஓக் மாஸ்தான், மரத்தில் வளரும் ஒரு கற்பாசி வகை (லைக்கன்). அதில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் அவ்வளவு ஒவ்வாமை தருவதால், அவை சேர்ந்த அழகுப்பொருளை 2021 ஆகஸ்ட்டுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கவே கூடாது. நம் பையன்கள் தேடிப்பிடித்து வாங்குவதோ அந்தப் பழைய பாட்டிலைத்தான்! லாவெண்டரில் உள்ள லினலூலும் எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீனும் புதிதாக இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை, காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் ஆனால்தான் வம்பு. டீகான்ட்டை ஊற்றும்போதே காற்றுப்படும், பாதி தீர்ந்ததை பைக் பெட்டியில் போட்டு வெயிலில் சுற்றினால் கேட்கவே வேண்டாம். அந்தக் குட்டி பாட்டிலில் என்ன சேர்ந்திருக்கிறது என்ற சீட்டும் இருக்காது.

வெயிலோடு சேர்ந்து வேலையைக் காட்டுவது பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய். அதில் உள்ள பெர்காப்டென் என்ற பொருள் புற ஊதாக் கதிர் பட்டதும் தோலைப் பொசுக்கி, பெர்ஃப்யூம் வழிந்த தடத்திலேயே கழுத்தில் கறுப்புக் கோடு போட்டுவிடும். பெர்காப்டென் நீக்கிய எண்ணெயும் கிடைக்கிறது, பொறுப்பான தயாரிப்பாளர்கள் அதைப் போடுவார்கள் அல்லது அளவைக் குறைப்பார்கள். வீட்டில் கலந்து விற்பவர் செய்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, கறுப்பு மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். பஸ்ஸ்டாண்டு பக்கம் வாங்கிய வெள்ளையாக்கும் க்ரீமைப் போட்டு அதை இன்னும் கெடுத்துக்கொண்டு வருவார்கள்.

சரி, எப்படிச் சோதிப்பது? முழங்கையின் உட்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்கு, அதே இடத்தில், காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை, ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள். ஒரு நேரத்தில் ஒரே பெர்ஃப்யூம். மூன்றை ஒன்றாகச் சோதித்தால் எது குற்றவாளி என்று தெரியாது. ஊறலோ சின்னக் கொப்புளமோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கரப்பான் உள்ளவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம். முகம், கழுத்தெல்லாம் அதுவரை பொறுக்கட்டும், அதற்குள் அதன் முழு வாசனையும் உங்களுக்குப் பழகிவிடும், பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே அரிப்பு வந்தவர்களுக்கு பேட்ச் டெஸ்ட் உண்டு. சந்தேகப்படும் பொருள்களைச் சின்னப் பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்போம், 4-ம் நாள் மறுபடி பார்ப்போம், அதுவரை முதுகு நனையக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் வியர்வையில் பட்டை கழன்றுவிடுகிறது, அவசரமில்லாதவர்கள் தை, மாசியில் வந்தால் நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பாட்டிலை மட்டும் கொண்டுவந்தால் போதாது, அட்டைப்பெட்டியையும் எடுத்து வாருங்கள். சேர்மானப் பட்டியல் பெரும்பாலும் பெட்டியில்தான் அச்சாகியிருக்கும்.