நட்சத்திரம் தாமரையான கதை

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருந்தது. ஐந்து முனை நட்சத்திர அச்சில் வெட்டி ஓவனில் வைத்த பிஸ்கட்டுகளை வெளியே எடுத்ததும், பக்கத்து வீட்டுச் சிறுமி எட்டிப் பார்த்து, "தாமரையா அத்தை?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. முனை மழுங்கி, இடுப்பு பெருத்து, பாதி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அளவில் ஒரு கிராம் பிசகவில்லை. 275 கிராம் மைதா, 125 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 100 கிராம் பொடித்த சீனி, ஒரு முட்டை, கொஞ்சம் வெனிலா. பிசகியது ஒரே வரியில்: 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்.'

யார் வீட்டு அறை?

இந்தச் சீனிக் குக்கி குளிர்நாட்டுப் பண்டம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் குடியேறிய ஜெர்மானியர்கள் 18ஆம் நூற்றாண்டில் இதை இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் இல்லை; அந்த ஊரில் டிசம்பரில் தண்ணீர் உறையும். அவர்களுக்கு அறை வெப்பநிலை என்றால் 18, 20 டிகிரி செல்சியஸ். மதுரையில் மார்கழிப் பகலிலும், அடுப்பு எரிகிற சமையலறை 28, 30 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

பத்து டிகிரி வித்தியாசம்தானே என்று தோன்றும். வெண்ணெய்க்கு அது பெரிய வித்தியாசம். வெண்ணெய் ஒரே கொழுப்பு இல்லை. பல கொழுப்புகளின் கலவை, ஒவ்வொன்றும் வெவ்வேறு சூட்டில் உருகும். 20 டிகிரியில் சில உருகியிருக்கும், சில படிகமாகவே இருக்கும். அதனால்தான் விரலால் அழுத்தினால் அமுங்கும், ஆனால் ஓடாது. சீனியோடு சேர்த்துக் குழைக்கும்போது காற்றுக் குமிழ்களைப் பிடித்துவைக்கும் பதம் அதுதான். 30 டிகிரியில் பெரும்பகுதி எண்ணெயாகிவிடும்; 35க்குள் முழுதும் உருகிவிடும். எண்ணெயில் குமிழ் தங்காது. மாவும் பளபளவென்று பூரிக்கட்டையில் ஒட்டும்.

ஓவனுக்குள் நடப்பது ஒரு பந்தயம். உள்ளே போனதும் முதலில் வெண்ணெய் உருகுகிறது. கூடவே சீனி, மாவிலிருக்கும் கொஞ்ச ஈரத்தில் கரைந்து பாகாகிறது. இரண்டும் சேர்ந்து மாவை இளக்கி ஓடவைக்கும். எதிர்ப்பக்கத்தில் முட்டைப் புரதம் 60 டிகிரியைத் தாண்டி மெல்ல இறுகத் தொடங்குகிறது, ஈரமும் ஆவியாகிறது, வடிவம் நிலைக்கிறது. வெண்ணெய் உருகியதற்கும் புரதம் இறுகுவதற்கும் இடைப்பட்ட நேரம்தான் நட்சத்திரத்தின் கண்டம். எண்ணெயாகிவிட்ட மாவை உள்ளே அனுப்பினால், பந்தயம் தொடங்கும் முன்பே ஒரு பக்கம் பாதி தூரம் ஓடிவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே நம் ஊரில் அறை வெப்பநிலை என்ற வரியை அடித்துவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து, பத்து நிமிடத்தில் குழைக்கலாம். மாவை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, தேய்த்தபடியே ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெட்டிய பிறகு பத்து நிமிடம் ஃப்ரீசரில். பிறகு நேராக 180 டிகிரிச் சூட்டுக்குள். பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அது புதிதாகக் குமிழ் உண்டாக்குவதில்லை, குழைக்கும்போது பிடித்த குமிழ்களை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். முனை கூர்மையாக நிற்க வேண்டிய இடத்தில் அந்த ஊதல் எதிரி.

மதுரையில் மைதாவைப் பற்றிப் பேசினால் புரோட்டாவில் வந்துதான் நிற்கும். மைதாவில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள். தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய இவை கைகோத்து குளூட்டன் என்ற இழுவை வலையாகும். மாஸ்டர் மாவை அடித்து, எண்ணெயில் ஊறவைத்து, துணி உதறுவதுபோல் வீசுகிறாரே, கிழியாமல் கண்ணாடியாய் விரிவது அந்த வலையால்தான். பிஸ்கட்டுக்கு அதே மைதாவிடம் நேர்மாறான வேலை வாங்குகிறோம். வெண்ணெய் மாவுத் துகள்களைப் பூசி, தண்ணீரை அண்டவிடாமல் செய்கிறது. வலை முழுதாகப் பின்னாது. கடித்தால் பொலபொலவென்று உதிரும். சப்பாத்தி ஞாபகத்தில் பிசைந்தீர்களென்றால், தேய்த்த மாவு சுருங்கும், வெந்த பிஸ்கட் பல்லுக்கு வேலை வைக்கும். மாவு ஒன்று சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும், அந்த ஈரமும் வலைக்குத்தான் உதவும், நன்றாகப் பிழிந்துவிடுங்கள்.

நட்சத்திரத்தின் முனைகள் மட்டும் முதலில் சிவப்பது ஏன்? ஈரம் இருக்கும்வரை மாவின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மெலிந்த முனையில் ஈரம் சீக்கிரம் தீர்ந்து சூடு ஏறுகிறது. 140 டிகிரியை ஒட்டிச் சீனியும் புரதமும் வேகமாக வினைபுரிந்து நிறமும் மணமும் தருகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயாரின் பெயரே அந்த வினைக்கு. ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிட்டால் போதும். குக்கரில் உப்புப் பரப்பி, கேஸ்கட்டும் விசிலும் இல்லாமல் சுடுகிறவர்கள் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே சூடு கீழிருந்தே வருகிறது.

அலங்காரத்துக்கு, அதாவது பிஸ்கட்டின் மேல் பூசும் சீனிப் பூச்சான ஐசிங்குக்கு வருவோம். எனக்குப் பிஸ்கட்டைவிட இதுதான் ருசி. ஒரு முட்டை வெள்ளைக்கரு சுமார் 30 கிராம். அதில் 27 கிராம் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் அதிகபட்சம் 54 கிராம் சீனிதான் கரையும். சாதாரண வெப்பநிலையில் சீனி தன் எடையில் பாதித் தண்ணீரிலேயே கரையக்கூடியது. நாமோ 175 கிராம் ஐசிங் சீனி போடுகிறோம். மீதி 120 கிராம் கரையாமல் நுண்ணிய படிகங்களாக மிதக்கும். ஐசிங் வெள்ளை வெளேரென்று இருப்பது, அந்தப் படிகங்களும் அடித்து ஏற்றிய காற்றுக் குமிழ்களும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால். காயும்போது தண்ணீர் வெளியேற, கரைந்திருந்த சீனிக்கு இடமில்லாமல் அருகிலுள்ள படிகங்களின் மேலேயே படிந்து அவற்றை ஒட்டவைக்கிறது. கல்கண்டு விளைவதும் இப்படித்தான். அங்கே சில படிகங்கள் நாள்கணக்கில் வளர்கின்றன, இங்கே கோடிக்கணக்கானவை ஆளுக்குக் கொஞ்சம். (பச்சை முட்டை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். மெரிங் பவுடரை, அதாவது உலர்த்திய வெள்ளைக்கரு சேர்ந்த பொடியை, தண்ணீரில் கலந்தால் அதே வேலை நடக்கும்.)

ஓரக் கோட்டுக்குக் கெட்டிப் பதம், உள்ளே நிரப்ப இளகிய பதம். கெட்டிப் பதத்தில் படிகங்கள் நெருக்கியடித்து நிற்பதால், அழுத்தினால்தான் நகரும். கோடு போட்ட இடத்தில் நிற்கும். மருதாணி கோன் பிடித்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இளக்கும்போதுதான் எல்லோரும் சறுக்குவது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தண்ணீர், 10 கிராம் படிகத்தைக் கரைத்துத் தன்னோடு பாகாக்கிக்கொள்ளும். திடம் குறைகிறது, திரவம் கூடுகிறது, இரண்டும் ஒரே நேரத்தில். சொட்டுச் சொட்டாக விடுங்கள். கரண்டியிலிருந்து விழுந்த கோடு பத்து எண்ணுவதற்குள் மறைந்தால் அதுவே பதம்.

இனி மழை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் போயிருக்காது. சீனிக்கு ஒரு வரம்பு உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால், காய்வதற்குப் பதில் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். அடைமழை இரவில் ஐசிங்கை மேசைமேல் வைத்து விடியவிடியக் காத்திருந்தாலும் காயாததற்கு இதுவே காரணம். சிவப்பு ஐசிங்கின் நிறம் பக்கத்து வெள்ளை ஐசிங்குக்குள் ஊறுவதும் அந்த ஈரத்தின் வழியாகத்தான். ஓவனை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தட்டை உள்ளே வைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். சூடான காற்றின் ஈரப்பதம் தானாகத் தாழும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து, நட்சத்திரம் அழுதமாதிரி ஆகிவிடும்.

காய்ந்ததை எவர்சில்வர் டப்பாவில் அடைக்கும்போது இன்னொன்று. அதே டப்பாவில் அதிரசத்தைச் சேர்க்க வேண்டாம். அதிரசம் வெல்லப்பாகின் ஈரத்தோடு மெத்தென்று இருப்பது, பிஸ்கட் ஈரமில்லாமல் மொறுமொறுப்பாக இருப்பது. மூடிய டப்பாவுக்குள் ஈரம், அதிகமாக உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டே நாளில் பிஸ்கட் நமத்து, அதிரசம் விறைத்துவிடும். அண்டை வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொடுத்தனுப்பும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கத்தான் செய்கிறோம். அது பரவாயில்லை. எங்கள் தெருவில் எந்தத் தட்டும் சாயங்காலம்வரை தாங்கியதில்லை.